விலாவின் கீழ் வலியும் ஜீரணக் கோளாறும்

நாம் சங்கங்களுக்கு ஆய்வின் பொருட்டுச் செல்லுங்கால், கணக்கேடுகளை மூடிய பின்னர் அங்கத்தினர்களோடு சிறிது நேரம் அளவளாவுவது வழக்கம். நூல் விலை, கூலி, மழை, விளைச்சல் ஆகியவற்றைச் சுற்றிவரும் பேச்சு, இறுதியில் உடல்நலத்தில் வந்து நிற்கும். 'விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்கிறது. எல்லாம் வாயுதான்' என்பார் ஒருவர். 'எனக்கும் அதே வாயுதான்' என்பார் மற்றொருவர். இருவரும் ஒரே கடையில் ஒரே மாத்திரையை வாங்கி உண்டிருப்பார்கள். சற்றே விசாரித்தால், ஒருவருக்கு வலி நடுவயிற்றில், மற்றவருக்கு வலப்புற விலாவின் கீழ் என்று தெரியவரும். ஒருவருக்குப் பசித்தால் வலி. மற்றவருக்கு உண்டால் வலி. இடம் வேறு, நேரம் வேறு, காரணமும் வேறு. பெயர் மட்டும் ஒன்று. இந்த ஒற்றைப் பெயரால் விளையும் தீங்கை எடுத்துக்காட்டி, அதைத் தவிர்க்கும் வழியைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பல வலிகளுக்கு ஒரே பெயரிடும் வழக்கம் புதியதன்று. ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசரை வருத்தியதாகவும், திருவதிகையில் தீர்ந்ததாகவும் நாம் கேட்டறிந்த சூலை நோய் இன்ன உறுப்பைச் சேர்ந்தது என்று இன்று யாரும் உறுதியாகக் கூற இயலாது. குத்தும் வலியெல்லாம் சூலை எனவும், அஜீரணத்தோடு வரும் வலியெல்லாம் குன்மம் எனவும் முன்னோர் வழங்கினர். வயிற்றின் உட்புறத்தைக் காணக் கருவியில்லாத காலத்தில் அது இயல்பே. கருவிகள் வந்துவிட்ட இக்காலத்தில் நாமும் 'வாயு' என்று சொல்லி நின்றுவிடுவதுதான் வருந்தத்தக்கது.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

ஒரு நெசவாளர் சங்கத்தில் நாம் கண்டதைக் கூறுகிறோம். மாதம் 10 சேலை நெய்து கொடுத்துவந்த அங்கத்தினர் ஒருவரின் கணக்கில் அது 7 ஆயிற்று; பிறகு 4 ஆயிற்று. 'உற்பத்தி குறைவு, காரணம் கேட்கவும்' என்று நாமே இருமுறை குறிப்பெழுதினோம். குறிப்பு ஏட்டில் இருந்தது, யாரும் அவரைக் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. மூன்றாம் முறை சென்றபோது அவர் தறியில் இல்லை. நெய்துகொண்டிருக்கையில் மயங்கி விழுந்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தார். குடலின் தொடக்கத்தில் புண் ஏற்பட்டு, உள்ளேயே இரத்தம் கசிந்துகொண்டிருந்ததாக மருத்துவர் கூறினார். பிறர் அளித்த இரத்தத்தால் உயிர் பிழைத்தார்.

உடல் தேறிய பின்னர் அவர் சொன்ன விவரம் நம்மைத் தலைகுனிய வைத்தது. ஓராண்டுக்கும் மேலாக நள்ளிரவில் வலி எழுப்பியதுண்டாம். ஏதேனும் உண்டால் தணிந்ததாம். குனிந்து நெய்வதால் வந்த இடுப்பு வலிக்கும், 'வாயு' என்று அவர் கருதிய இந்த வலிக்குமாகச் சேர்த்து, கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கி அன்றாடம் உண்டுவந்தார். மயங்குவதற்குச் சில நாட்கள் முன்பே மலம் தார்போலக் கறுத்திருந்தது. 'உண்ட கீரையால் இருக்கும் என்று நினைத்தேன் ஐயா' என்றார். கூலி குறைந்த மாதங்களில் வெளியே வட்டிக்கு வாங்கிய கடன், சங்கத்தில் அவருக்கிருந்த சேமிப்பைவிட மிகுதியாகிவிட்டிருந்தது. அந்த நோயைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தால், இரண்டு வார மருந்தோடு தீர்ந்திருக்கக்கூடும்.

விலாவின் கீழ் இருப்பவை எவை?

நம் உடலில் 12 இணை விலா எலும்புகள் உள்ளன. கீழ் விலாக்கள் மார்பை மட்டுமன்றி, வயிற்றின் மேற்பகுதியையும் கூண்டுபோல மூடியிருக்கின்றன. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்னும் தசைத்திரை கூரைபோல மேல்நோக்கி வளைந்திருப்பதே இதற்குக் காரணம். ஆகவே, விலாவில் வலி என்பதால் அது நெஞ்சைச் சார்ந்தது என்றும் கூற முடியாது. வயிற்றைச் சார்ந்தது என்றும் முடிவுகட்ட இயலாது.

வலப்புற விலாக்களின் கீழ் ஈரலும், அதன் அடியில் பேரிக்காய் வடிவமுள்ள பித்தப்பையும் இருக்கின்றன. நடுவே, மார்பெலும்பின் கீழ்முனையை ஒட்டிய குழியில் இரைப்பையும், சிறுகுடலின் தொடக்கமாகிய முன்சிறுகுடலும், இவற்றின் பின்னால் முதுகை ஒட்டிக் கணையமும் உள்ளன. இடப்புறம் இரைப்பையின் மேற்பகுதியும், மண்ணீரலும், பெருங்குடல் வளைந்து கீழிறங்கும் முடுக்கும் அமைந்துள்ளன. உண்மையான வாயு சேர்ந்து நிற்பது பெரும்பாலும் இந்த இடப்புற முடுக்கில்தான். அது வயிற்றை உப்பச்செய்து, காற்றுப் பிரிந்ததும் தணிந்துவிடும். அவ்வாறு தணியாமல் வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் வலியை வாயு என்று தள்ளிவிடுவது தகாது.

பசித்தால் வரும் வலி

இரைப்பையில் சுரக்கும் அமிலம் மிகக் கடுமையானது. அது இரைப்பையின் சுவரையே அரித்துவிடாதபடி, வழுவழுப்பான சளிப்படலம் ஒன்று உள்ளே பூசப்பட்டுள்ளது. இப்படலம் பழுதுபட்ட இடத்தில் புண் உண்டாகிறது. முன்சிறுகுடலில் புண் இருப்பின், பெரும்பாலும் வயிறு காலியாக இருக்கையிலும் நள்ளிரவிலும் நடுவயிற்றில் எரிவதுபோல வலிக்கும், உண்டால் தணியும். இரைப்பையிலேயே புண் இருப்பின், உண்ட சிறிது நேரத்தில் வலிப்பதுண்டு.

காரத்தாலும் கவலையாலும் நேரந்தவறி உண்பதாலுமே புண் வருகிறது என்று நெடுங்காலம் மருத்துவர்களும் எண்ணியிருந்தனர். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்து மருத்துவர்களான ராபின் வாரன், பாரி மார்ஷல் ஆகிய இருவரும் இரைப்பையில் சுருள்வடிவக் கிருமி ஒன்று வாழ்வதைக் கண்டனர். அதைச் சோதனைச்சாலையில் வளர்க்கப் பலமுறை முயன்றும் பயனில்லை. 1982-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிட அதிக நாட்கள் விடப்பட்டிருந்தன. திரும்பிவந்து பார்த்தபோது கிருமி வளர்ந்திருந்தது. அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று பலர் மறுத்தமையால், 1984-இல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே அருந்தினார். சில நாட்களில் அவரது இரைப்பை அழற்சியுற்றது. இக்கண்டுபிடிப்புக்காக இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஹெலிக்கோபாக்டர் பைலோரி என்னும் இக்கிருமி பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றுகிறது. தொற்றிய யாவருக்கும் புண் வருவதில்லை. ஆயினும் வந்த புண்களுக்கு இதுவே முதன்மையான காரணங்களுள் ஒன்று. மூச்சுச் சோதனை, மலச் சோதனை, எண்டாஸ்கோப்பி என்னும் உள்நோக்கிச் சோதனை ஆகியவற்றால் இதனைக் கண்டறியலாம். அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு கிருமியைக் கொல்லும் மருந்துகளையும் சேர்த்து, வழக்கமாக 14 நாட்கள் தருவர். வலி நின்றுவிட்டதென்று ஐந்தாம் நாளே மருந்தை நிறுத்துவோர் உண்டு. பாதிக் களையைப் பிடுங்கிவிட்டு வரப்பேறுவதற்கு ஒப்பானது அது. எஞ்சிய கிருமி அந்த மருந்துக்கே அடங்காததாகிவிடக்கூடும்.

புண்ணுக்கு மற்றொரு பெருங்காரணம் வலி மாத்திரை. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் முதலியவை வலியைக் குறைக்கும்போதே, சளிப்படலத்தைக் காக்கும் பொருளின் உற்பத்தியையும் தடுத்துவிடுகின்றன. வயிற்றுவலிக்கு இவற்றை உண்பவர், ஒழுகும் கூரையின் ஓட்டைத் தாமே பிரித்துவிடுகிறார். வலி மறைந்திருக்க, புண் ஆழமாகிக்கொண்டே போகும். இருதய நோய்க்காக மருத்துவர் சொல்லி ஆஸ்பிரின் உண்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடலாகாது. மருத்துவரிடம் கூறி, வயிற்றுக்குரிய பாதுகாப்பைக் கேட்டுப்பெற வேண்டும். புகைப்பிடிப்பது புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். காரம் தானே புண்ணை உண்டாக்குவதில்லை எனினும், உள்ள எரிச்சலை மிகுவிக்கலாம்.

உண்டால் வரும் வலி

ஈரலில் சுரக்கும் பித்தநீர், பித்தப்பையில் சேர்ந்து இருக்கிறது. எண்ணெயும் நெய்யும் மிகுந்த உணவு குடலை அடைந்ததும், பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியேற்றுகிறது. பையில் கல் உண்டாகியிருந்து, அது வாயில் வந்து அடைத்துக்கொண்டால் கடும் வலி தோன்றும். கல்யாண விருந்து உண்ட இரவில், வலப்புற விலாவின் கீழோ நடுவயிற்றிலோ பிடித்து, வலத் தோள்பட்டைவரை ஏறி, அரைமணி முதல் சில மணி நேரம் நின்று பின் தணியும் வலி இத்தகையதாக இருக்கலாம். ஸ்கேன் சோதனையில் கற்கள் எளிதில் தென்படும்.

தொல்லை தரும் கற்களுக்குச் சிறு துளைகளின் வழியே பித்தப்பையை அகற்றுவதே இன்று வழக்கமான சிகிச்சை. பித்தப்பையை எடுத்துவிட்டால் சோறு செரிக்காது என்று அஞ்சுவோர் பலர். பித்தநீரைச் சுரப்பது ஈரலே. பை அதைச் சேமிக்கும் இடம் மட்டுமே. பை போனாலும் பித்தநீர் நேரே குடலுக்கு வந்துகொண்டிருக்கும்.

வலியோடு கண்ணும் சிறுநீரும் மஞ்சளானால், கல் பித்தக்குழாயை அடைத்திருக்கக்கூடும். மஞ்சட்காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக் காத்திருப்பது நம் ஊர்களில் வழக்கம். குழாயில் சிக்கிய கல்லைக் கீழாநெல்லி அகற்றாது. குளிர்காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் ஒரு நாள் தாமதமும் ஆபத்தாகும்.

வலப்புற விலாவில் இடைவிடாத வலியும் காய்ச்சலும், இருமினால் மிகும் நோவும் இருப்பின், ஈரலில் சீழ்க்கட்டி இருக்கக்கூடும். அசுத்த நீரின் வழியே சேரும் அமீபா என்னும் நுண்ணுயிர் இதற்கு ஒரு காரணம். மதுப்பழக்கம் உள்ள ஆண்களிடையே இது மிகுதி. நடுவயிற்றில் தோன்றி முதுகைத் துளைப்பதுபோல ஊடுருவி, முன்னே குனிந்தால் சற்றுத் தணியும் கடும்வலி கணையத்தின் அழற்சியாக இருக்கலாம். அதற்குப் பித்தக் கல்லும் மதுவும் முதன்மையான காரணங்கள்.

நெஞ்செரிவும் தறியும்

அமிலம் மேல்நோக்கி உணவுக்குழாயில் ஏறுவதால் நெஞ்சு எரிவதுண்டு. புளித்த நீர் வாய்க்கு வருவதுமுண்டு. உண்டவுடன் குழித்தறியில் இறங்கி வயிறு மடங்கக் குனிந்து அமர்வதும், உண்டவுடன் வயலில் குனிந்து களையெடுப்பதும், இரவு 10 மணிக்கு உண்டு 10.30-க்குப் படுப்பதும் இதை மிகுவிக்கும். உறங்குவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே இரவு ஆகாரத்தை முடித்தல், ஒரே வேளையில் வயிறுமுட்ட உண்ணாமை, கட்டிலின் தலைப்பக்கக் கால்களின் கீழ்ச் செங்கல் வைத்து உயர்த்துதல் ஆகிய மூன்றும் காசு செலவில்லாத மருந்துகள். அவசரச் சேலையை முடிக்க வேண்டிய நாட்களிலும், உண்டபின் அரைமணி நேரமேனும் நிமிர்ந்து உலாவிவிட்டுத் தறியில் இறங்குதல் நலம்.

ஜீரணத்தோடு சேராத வலிகள்

விலாவின் வலி யாவும் வயிற்றைச் சேர்ந்தவை அல்ல. விரலால் அழுத்தினால் ஒரே இடத்தில் நோவதும், உடலைத் திருப்பினாலும் மூச்சை ஆழ இழுத்தாலும் மிகுவதுமான வலி, பெரும்பாலும் தசையையோ விலாக் குருத்தெலும்பையோ சார்ந்தது. நாள் முழுதும் ஒரு கையால் நாடாக் கயிற்றை இழுப்பவர்க்கும், மண்வெட்டி பிடிப்பவர்க்கும் இது வரலாம். ஓய்வும் வெந்நீர் ஒத்தடமும் பெரும்பாலும் போதும். மூச்சுத் திணறலோ காய்ச்சலோ சேர்ந்திருந்தால் மட்டும் நுரையீரலைச் சோதிக்க வேண்டும்.

ஒரு பக்க விலாவில் பட்டைபோல எரிந்து, சில நாட்களில் அதே இடத்தில் கொப்புளங்கள் தோன்றினால் அது அக்கி. கொப்புளம் கண்ட மூன்று நாட்களுக்குள் வைரசுக்குரிய மருந்தைத் தொடங்கினால் பயன் மிகுதி. காவிமண்ணால் அக்கி எழுதும் வழக்கத்துக்காக அந்த மூன்று நாட்களை இழந்துவிடலாகாது.

விவசாயிகளுக்குத் தனியே ஓர் எச்சரிக்கை. பூச்சிமருந்து தெளித்த அன்று வயிற்றுப் பிசைவும், வாந்தியும், எச்சில் ஊறலும், வியர்வையும் தோன்றினால் அஜீரணம் என்று கஷாயம் வைத்துக்கொண்டிராமல், மேலுடையைக் களைந்து உடலைச் சோப்பிட்டுக் கழுவி, மருந்துப் புட்டியின் பெயர்ச்சீட்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

இறுதியாக, எல்லாவற்றினும் கொடியது வயிற்றுவலியாக வேடமிட்டு வரும் மாரடைப்பு. இருதயத்தின் அடிப்பகுதி உதரவிதானத்தின் மேல் அமர்ந்துள்ளது. அப்பகுதிக்கு இரத்தம் தடைபட்டால், வலி மேல்வயிற்றில் தோன்றுவதுண்டு. ஏப்பமும் குமட்டலும்கூட வரும். சோடா குடித்து ஏப்பம் விட்டதும் சற்றுத் தணிந்தது என்பது இருதயத்தில் குற்றமில்லை என்பதற்குச் சான்றாகாது. நீரிழிவு உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், முதியோருக்கும் இவ்வாறு மாறுவேடத்தில் வருவது மிகுதி. நாம் அறிந்த ஒரு விவசாய அங்கத்தினர், இரவில் சோடாவும் ஓம நீரும் குடித்து, 'விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்' என்று படுத்தார். அவர் விடியலைக் காணவில்லை.

வலிக்கும் ஒரு நாட்குறிப்பு

சங்கத்தில் ஒரு ரூபாய் செலவானாலும் நாள், இனம், தொகை ஆகிய மூன்றையும் எழுதுகிறோம். அவ்வாறே வலிக்கும் ஒரு வாரம் கணக்கு எழுதிப் பாருங்கள். வலி எவ்விடத்தில், எந்நேரத்தில், உண்பதற்கு முன்னா பின்னா, எவ்வளவு நேரம் நின்றது, எங்கே பரவியது, அன்று உண்ட உணவும் மாத்திரையும் எவை என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத இயலாதவர்க்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதிக்கொடுக்கலாம். 'வாயு' என்ற ஒரு சொல்லைவிட, இந்த ஒரு தாள் மருத்துவருக்குப் பன்மடங்கு உதவும்.

ஆனால், பின்வரும் குறிகளைக் கண்டால் கணக்கெழுதிக் காத்திருக்கலாகாது:

மலம் தார்போலக் கறுத்தல். இரத்தமாகவோ காப்பித்தூள் கலந்ததுபோன்றோ வாந்தி.

திடீரெனத் தோன்றி வயிறு பலகைபோல இறுகும் வலி.

வலியோடு காய்ச்சலோ மஞ்சட்காமாலையோ காணுதல்.

மேல்வயிறு அல்லது மார்பில் அழுத்தம், குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், இடக்கையிலோ தாடையிலோ பரவும் வலி.

இவற்றுக்கு உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும். இவையன்றி, காரணமின்றி உடல் இளைத்தல், உணவு விழுங்குவதில் தடை, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தோன்றும் அஜீரணம் ஆகியன இருப்பின், புற்று இல்லை என்று உறுதிசெய்துகொள்ள விரைவில் உள்நோக்கிச் சோதனை செய்துகொள்ளுதல் அவசியம்.

சங்கம் செய்யத்தக்கது

அந்நெசவாளர் இன்று மீண்டும் தறியில் இருக்கிறார். கிருமிக்குரிய மருந்தை முழுதும் உண்டார். வலி மாத்திரையை விட்டார். இப்போது மாதம் 9 சேலை கொடுக்கிறார். வெளிக்கடன் இன்னும் அடையவில்லை.

அவருடைய நோயை மருத்துவருக்கும் முன்பே அறிவித்தது சங்கத்தின் கூலி ஏடு. அதைப் படிக்கத் தெரிந்த நாம், எண்ணைப் படித்தோமேயன்றி ஆளைப் படிக்கவில்லை. ஆகவே சங்க நிர்வாகிகளுக்கு நாம் சொல்லத் துணிவது இதுதான்: ஓர் அங்கத்தினரின் உற்பத்தி இரண்டு மாதம் தொடர்ந்து குறைந்தால், காரணங்கேட்டு நோட்டீசு எழுதுமுன் அவர் வீட்டுக்கு ஒருமுறை நடந்துசெல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரத் தகுதியுள்ள குடும்பங்களிடம் அட்டை உள்ளதா என்று விசாரியுங்கள். இல்லையேல், நோய் வருமுன்பே பெற உதவுங்கள். அங்கத்தினர்களும், வலியை மறைத்துக்கொண்டு நெய்வதை உழைப்பு என்று கருதற்க. நாம் இனி ஆய்வுக்கு வரும்போது, உற்பத்தி ஏட்டில் குறைந்த எண்ணைக் கண்டால் முதலில் 'உடம்பு எப்படி இருக்கிறது?' என்றே கேட்போம். அதற்கு 'வாயு' என்று மட்டும் விடை கூறாதிருக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.